பாய்மரப் படகு வாங்கப் போறியா தங்கச்சி? அக்கா சொல்ற டிப்ஸ்

தங்கச்சி, "அக்கா, பழைய வேஃபேரர் படகு ஒண்ணு விலைக்கு வருது, வாங்கலாமா?"ன்னு நீ போன்ல கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த லெஸ்டர் ஊருக்கு வந்த புதுசுல நாங்களும் அதே ரகப் படகைத்தான் வாங்கினோம். இது ஏழாவது சீசன். பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை எல்லாம் வரிசையா எழுதுறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணை மனசுல வச்சுக்கோ: வீட்ல யாருக்குப் பயம் அதிகமோ, முதல் வருஷம் அவங்க சொல்ற அளவுக்குத்தான் படகு ஓடணும்.

படகுக்கு முன்னாடி பாடம்

ஆர்.ஒய்.ஏ. (ராயல் யாட்டிங் அசோசியேஷன்) அங்கீகாரம் உள்ள பயிற்சி மையங்கள்ல லெவல் 1, லெவல் 2ன்னு ரெண்டு வகுப்பு இருக்கு. ஒவ்வொண்ணும் ரெண்டு நாள். நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்தே போங்க. ஓட்டத் தெரிஞ்சவர் தண்ணியில விழுந்துட்டா, மிச்சம் இருக்கிறவர்தான் படகைத் திருப்பிக் கொண்டுவரணும். அதனால ஒருத்தர் மட்டும் கத்துக்கிட்டாப் போதாது.

வாங்கும்போது

இயன் ப்ராக்டர் 1957-ல வடிவமைச்ச படகு வேஃபேரர். நீளம் 4.82 மீட்டர். ரெண்டு பெரியவங்க, ரெண்டு பிள்ளைங்க தாராளமா உட்காரலாம். அடியில இருக்கிற சென்டர்போர்டைத் தூக்கிட்டா முழங்கால் தண்ணியிலயே கரையேறிடும். ஃப்ராங்க் டைன்னு ஒருத்தர் 1963-ல துணைக்கு ஒரே ஒரு ஆளோட இந்த ரகப் படகுல ஐஸ்லாந்து வரைக்கும் போனார், மறு வருஷம் நார்வே. அந்தப் படகை ஃபால்மவுத் கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாங்க. உறுதியைப் பத்தி உனக்குச் சந்தேகமே வேண்டாம்.

பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காதே. மரப் படகா இருந்தா மூலைகளைக் கட்டைவிரலால அழுத்திப் பாரு. மெத்துன்னு உள்ள போனா மரம் உளுத்திருக்கு. முன்னாடியும் பின்னாடியும் இருக்கிற காற்றறைகளோட மூடி இறுக்கமா இருக்கணும். கவிழ்ந்தா படகை மிதக்க வைக்கிறது அந்த அறைகள்தான். சென்டர்போர்டை ஏத்தி இறக்கச் சொல்லிப் பாரு. ட்ரெய்லருக்கு மாற்றுச் சக்கரம் உண்டான்னும் கேளு. பெரும்பாலான ஏரிகள்ல மூணாம் நபர் காப்பீட்டுச் சான்று காட்டணும். அதையும் முதல் வாரமே எடுத்துடு.

இழுத்துட்டுப் போகும்போது

படகோட உடல் மட்டும் சுமார் 169 கிலோ. ட்ரெய்லரும் சேர்த்தா 750 கிலோவுக்கு உள்ளதான் வரும், அதனால ட்ரெய்லர்ல தனி பிரேக் தேவைப்படாது. வாங்கினா 'காம்பி' ட்ரெய்லரா வாங்கு. ரோட்டு வண்டி மேலேயே சின்னத் தள்ளுவண்டி உட்கார்ந்திருக்கும். தண்ணியில இறங்குறது தள்ளுவண்டி மட்டும்தான். ரோட்டுல ஓடிச் சூடான பேரிங்கை அப்படியே குளிர்ந்த தண்ணியில முக்கினா, உள்ள தண்ணி இழுத்துக்கும், துரு பிடிக்கும், ஒரு நாள் நடுரோட்டுல சக்கரம் நின்னுடும்.

பின்னாடி விளக்குப் பலகையில உங்க கார் நம்பர் இருக்கணும். ஒற்றைச் சாலையில 50 மைல், மோட்டார்வேயில 60 மைல்தான் உச்சம். கிளம்பிப் பத்து நிமிஷத்துல ஓரமா நிறுத்தி, படகைக் கட்டின பட்டைகளை ஒரு தடவை இறுக்கு. முதல் பத்து நிமிஷத்துலதான் அது தளரும்.

கரையில ஒத்திகை

வீட்டுத் தோட்டத்துலயே ரெண்டு தடவை பாய்மரத்தை நிறுத்தி, பாயை ஏத்தி இறக்கிப் பழகுங்க. எந்தக் கயிறு எங்க போகுதுன்னு கலர் டேப் ஒட்டி வச்சுக்கோ. ஏரிக்கரையில பாய்மரத்தை நிமிர்த்துறதுக்கு முன்னாடி கண்டிப்பா தலைக்கு மேல பாரு. பாய்மரம் ஆறு மீட்டருக்கு மேல உயரம். மின்கம்பி பட்டா உயிருக்கே ஆபத்து.

அப்புறம் அடைப்பான். தண்ணி வடிய விடுற ஓட்டையை மூடுற சின்ன பிளாஸ்டிக் மூடி. எங்க ரெண்டாவது பயணத்துல அதை மாட்ட மறந்துட்டோம். இருபது நிமிஷத்துல படகு பின்பக்கம் கனத்து, சுக்கானைத் திருப்பினாலும் அசையவே இல்ல. அன்னையிலருந்து வீட்டுக்குப் போகும்போதே அடைப்பானை சுக்கான் கைப்பிடியில கட்டிடுவேன். மறுபடி சுக்கானைத் தொட்டா அடைப்பான் கையில தட்டுப்படும்.

உடுப்பு

மே மாசம் வெயில் அடிக்குதுன்னு ஏமாந்துடாதே, தண்ணி குளிர்ந்துதான் கிடக்கும். 15 டிகிரிக்குக் கீழ இருக்கிற தண்ணியில திடீர்னு விழுந்தா மூச்சு வாங்கும், படபடக்கும். நீந்தப் போராடாம மல்லாந்து மிதந்தா, ஒண்ணு ஒண்ணரை நிமிஷத்துல மூச்சு சீராகிடும். இதைப் பிள்ளைங்களுக்குக் கரையிலயே சொல்லிக்கொடு. ஜீன்ஸ் வேண்டாம், வெட்சூட், அதுக்கு மேல உடம்புக்கு இறுக்கமா மிதவை ஜாக்கெட். பிள்ளைங்க ஜாக்கெட்டுக்குத் தொடையிடுக்குப் பட்டை இருக்கணும், இல்லேன்னா தலை வழியாக் கழண்டுடும். போனை நீர் புகாத பையில போட்டு உன் உடம்போட வச்சுக்கோ, படகுல வைக்காதே.

காத்தும் இடமும்

முதல் வருஷம் கடல் வேண்டாம். நமக்குப் பக்கத்துல ரட்லாண்ட் வாட்டர் இருக்கு, பரப்பளவுல இங்கிலாந்தோட பெரிய நீர்த்தேக்கம். கடல்ல இருக்கிற ஏற்ற வற்றம் கிடையாது. மீட்புப் படகு இருக்கிற நேரமாப் பார்த்துப் போங்க.

பியூஃபோர்ட் அளவுல 2 அல்லது 3 போதும். அதாவது 4-லருந்து 10 நாட் வரைக்கும். 4-ன்னு முன்னறிவிப்பு சொன்னா அன்னைக்குக் கரையில உட்கார்ந்து சாப்பிட்டுட்டு வந்துடுங்க. கரையிலருந்து ஏரிப் பக்கமா அடிக்கிற காத்து ஏமாத்தும். நிக்கிற இடத்துல அமைதியா இருக்கும், நூறு மீட்டர் போனதும் பிடிச்சு இழுக்கும். பாயைச் சுருக்கணுமோன்னு தோணினா கரையிலயே சுருக்கிடு.

கவிழ்ந்தா

கவிழும்னே நினைச்சுக்கோ. மீட்புப் படகு பக்கத்துல இருக்க, வெயில் நாள் ஒண்ணுல வேணும்னே கவிழ்த்து, நிமிர்த்திப் பழகுங்க. பாய்மர உச்சியில ஒரு மிதவை கட்டிட்டா படகு தலைகீழாப் போகாது. எது நடந்தாலும் படகை விட்டு நீந்தக் கூடாது. தண்ணி இறைக்க வாளி ஒண்ணைக் கயித்துல கட்டி வச்சிரு.

வீடு திரும்பும்போது

வேற ஏரிக்குப் போறதுக்கு முன்னாடி படகு, தள்ளுவண்டி, வெட்சூட் எல்லாத்தையும் கழுவிக் காய வை. வெளியிலருந்து வந்த 'கில்லர் ஷ்ரிம்ப்'னு ஒரு இறால் இனத்தை 2010-ல கிராஃபம் வாட்டர்ல கண்டுபிடிச்சாங்க. உள்ளூர்ப் பூச்சி புழுவை எல்லாம் அது தின்னு அழிக்குது. ஈரத்தோட போனா அதையும் கூடவே கூட்டிட்டுப் போவோம்.

பயந்தவங்க கையில கயிறு

கடைசியா எங்க சின்னவன் கதை. அப்போ அவனுக்கு எட்டு வயசு. முதல் தடவை படகு சாய்ஞ்சதும் தரையில உட்கார்ந்து என் காலைக் கட்டிக்கிட்டு அழுதான். "ஒண்ணும் ஆகாது"ன்னு நாலு தடவை சொல்லிப் பார்த்தேன், அழுகை கூடினதுதான் மிச்சம். பெரிய பாயை இழுத்துப் பிடிக்கிற மெயின்ஷீட் கயிறை அவன் கையில கொடுத்து, "விடு"ன்னேன். விட்டான். பாய் படபடன்னு அடிச்சது, படகு நிமிர்ந்து நின்னுடுச்சு. "இப்போ இழு." மெல்லச் சாய்ஞ்சது. அவனா விட்டான், நிமிர்ந்தது. பத்துப் பதினைஞ்சு தடவை அதையே செஞ்சுட்டு, அன்னைக்கு அரை மணி நேரத்துல கரைக்கு வந்துட்டோம். அந்தக் கயிறுதான் படகோட பிரேக். அது தன் கையிலயே இருக்குன்னு அவனுக்குப் புரிஞ்சுது. அதனாலதான் சொல்றேன், மெயின்ஷீட்டைக் கட்டிப் போடாம எப்பவும் ஒருத்தர் கையில வச்சிருங்க. உங்க வீட்ல பயப்படுறவங்க கையில முதல்ல கொடுங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை படகைப் பார்க்கப் போறப்போ என்னையும் கூட்டிட்டுப் போ. சின்னவனும் வர்றானாம். அடைப்பான் எல்லாம் சரியா இருக்கான்னு நான்தான் பார்ப்பேன்னு சொல்லிட்டு இருக்கான்.