ஊசி ஆடினால் பாட்டும் ஆடும்

ஊர் மாறி வரும்போது அப்பா காலத்து இசைத்தட்டுகளைத் துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவருகிறோம். இங்கே வந்து போட்டால், எம்.எஸ். குரல் மேலே போகுமிடத்தில் கரகரக்கிறது. தட்டு தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். மின் இணைப்பை எடுத்துவிட்டு, ஊசிக்கு உறையை மாட்டி, கார்ட்ரிட்ஜை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடுகிறதா? அப்படியானால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். தட்டின் பள்ளத்து நெளிவை ஊசி படிக்கும்போது கார்ட்ரிட்ஜும் கூடவே அசைந்தால் ஒலி சிதைந்துதான் வரும்.

ஹெட்ஷெல் தனியாகக் கழலும் வகையானால் கழற்றி மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நான்கு கம்பிகள்: வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. சிறு குறடால் பிடித்துச் செருகுங்கள். பற்றவைப்பு வேண்டாம், சூடு உள்ளிருக்கும் சுருளைக் கெடுக்கும்.

இரண்டு ஸ்க்ரூக்களின் இடைவெளி பெரும்பாலும் 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். இரண்டையும் தளர்வாக மாட்டி, அளவுத்தாளில் ஊசியின் இடத்தைச் சரிபார்த்தபின், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கார்ட்ரிட்ஜுக்குள் காந்தம் இருப்பதால் இரும்புத் திருப்புளியைச் சட்டென்று இழுக்கும். உறையைக் கழற்றாமலிருக்கச் சொல்வது அதற்காகவும்தான். அசையாமல் நின்றால் போதும். 'இன்னும் ஒரு திருப்பு' என்று முறுக்கி, பிளாஸ்டிக் காதை உடைத்தவன் நான்!

கடைசியில் உறையை எடுத்து, ஆர்மின் சமநிலையையும் ஊசியின் பாரத்தையும் மறுபடி வையுங்கள். பாரம் எத்தனை கிராம் என்பது கார்ட்ரிட்ஜுடன் வந்த தாளில் இருக்கும்.