தஞ்சையில் இரண்டு நாள்

தஞ்சைக்குப் புறப்படும் நாம், பார்க்கும் இடங்களையே முதலில் எழுதிக்கொள்கிறோம். தங்குமிடத்தைக் கடைசியில் தேடுகிறோம். இதை மாற்றிக்கொண்டால் பணமும் மிஞ்சும், காலும் ஓயாது. இரயில் நிலையத்திற்கும் பழைய பேருந்து நிலையத்திற்கும் இடையே அறை எடுத்தால் பெரிய கோயிலுக்கு நடந்தே போகலாம். வாடகை குறைவென்று ஊருக்கு வெளியே தங்கினால், மிச்சம் பிடித்ததெல்லாம் ஆட்டோவுக்குப் போய்விடும்.

1010-இல் முதலாம் இராஜராஜன் கட்டி முடித்த அக்கோயிலுக்கு இருமுறை போகவேண்டும். நண்பகலில் நடை சாத்திவிடுவர். முற்றத்துக் கல்லில் வெறுங்கால் வைக்கவும் முடியாது. ஆகவே விடியலில் ஒருமுறை, மாலை வெயில் விமானத்தில் படும்போது ஒருமுறை. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். மாலையில் முற்றத்தில் நின்று பார்ப்போம்; நன்றாகவே விழுகிறது!

உச்சி வெயிலுக்கு அரண்மனையே நல்லது. சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர். அவருடைய ஆசானாக விளங்கிய சுவார்ட்ஸ் ஐயர் 1779-இல் கட்டிய தேவாலயம் சிவகங்கைப் பூங்காவில் உள்ளது.

மறுநாள் கும்பகோணம், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் அடக்கிவிட முயல்வோர், பேருந்துச் சன்னலைத்தான் அதிகம் பார்த்திருப்பர். நாம் கல்லணைக்குப் போவோம். திருக்காட்டுப்பள்ளி வழியே சென்றால் பூண்டி மாதா பேராலயத்தையும் தரிசிக்கலாம். கரிகாலன் பெயர் சொல்லும் அந்த அணையில்தான் காவிரியும் வெண்ணாறும் பிரிந்து வயல்களுக்குப் போகின்றன. கோடையில் போனால் மணலைத்தான் காண்போம். மேட்டூரில் தண்ணீர் திறப்பது வழக்கமாக ஜூன் 12. நீர் வந்தபின் போனால் வழியெல்லாம் குறுவை நடவு.