இன்ஜின் எங்கே இருக்கிறது என்று பார்த்து ஓட்டுங்கள்

சிவகாசியிலிருந்து சாத்தூர் போனாலும் விருதுநகர் போனாலும் பெரும்பாலும் கரிசல் காட்டு நேர்சாலைதான். நேர்சாலையில் எல்லாக் காரும் நல்ல கார். செங்கோட்டை தாண்டிப் புளியரை 'எஸ்' வளைவில் ஏறும்போதோ, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயின் 2.1 கிலோமீட்டர் தடத்தில் இறங்கும்போதோதான் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியவரும். அந்தத் தடத்துக்குப் பெயர் தந்த கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரைக் கட்டியவர். குடும்பக் காரில் முன்சக்கரங்களைச் சுழற்றிய இன்ஜின் அங்கே பின்சக்கரங்களைச் சுழற்றியது. ஓட்டும் முறையே மாறியது. பந்தய வீரர் நாராயண் கார்த்திகேயன் முதலில் பந்தயத்தில் இறங்கியது அந்தக் காரில்தான்.

செய்ய வேண்டியவை

● ஸ்விஃப்ட் போல இன்ஜினும் இழுவையும் முன்னால் என்றால், வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிடுங்கள். திரும்புவது, இழுப்பது இரண்டும் முன் டயர்களின் வேலை. மூக்கு வெளியே ஓடினால் ஸ்டியரிங்கை இன்னும் ஒடிக்காமல், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள், டயர் பிடித்துக்கொள்ளும்.

● இன்ஜின் முன்னால், விசை பின்சக்கரத்துக்கு என்றால் (மாஸ்டா எம்எக்ஸ்-5, நம் பழைய அம்பாசடர்), ஸ்டியரிங் நேராகிவர வர ஆக்சிலரேட்டரைக் கூட்டுங்கள். பின்பக்கம் வழுக்கினால், அது போகும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள்.

● இன்ஜின் நடுவில் இருந்தால் கை மென்மையாக இருக்கட்டும். எடை நடுவில் குவிந்திருப்பதால் கார் சட்டென்று திரும்பும். பிடி விட்டாலும் அதே வேகத்தில் சுழன்றுவிடும்.

● போர்ஷே 911-இல் மெதுவாக நுழைந்து, வேகமாக வெளியேறுங்கள். இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால். அந்த எடை பின் டயர்களைத் தரையில் அழுத்துவதால், வளைவை விட்டு வெளியேறும்போது கிடைக்கும் பிடி அபாரமானது.

செய்யக்கூடாதவை

● அதே 911-இல் வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடாதீர்கள். இதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. ஸ்விஃப்ட் ஓட்டிப் பழகிய காலுக்கு இது இயல்பாகவே வரும், அங்கே அது காப்பாற்றவும் செய்யும். இங்கோ எடை முன்னால் சாய, பின் டயர்களின் பிடி தளர்ந்து, கனத்த பின்பக்கம் ஊசல்குண்டு போல வெளியே வீசும். அகலமான டயர்களும் மின்னணுக் கட்டுப்பாடும் புதிய கார்களில் இந்தக் குணத்தை வெகுவாக அடக்கியிருக்கின்றன, அறவே போக்கிவிடவில்லை.

● இன்ஜின் நடுவில் இருந்தாலே ஸ்போர்ட்ஸ் கார் என்று நினைக்காதீர்கள். ஆம்னி வேனிலும் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில்தான். உயரமும் குறுகிய அகலமும் அந்த அனுகூலத்தைத் தின்றுவிடும்.

● ஊர்ச்சாலையில் சோதித்துப் பார்க்காதீர்கள். விடியற்காலையில் பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்கள் வரும். ஐப்பசி மழையில் டிராக்டர் டயர் இழுத்துவந்த கரிசல் சேறு தாரின்மேல் கிடக்கும். அதில் இன்ஜின் எங்கிருந்தாலும் கார் வழுக்கும்.

● இன்றைய 911-இல் முன் டயரைப் பின்னால் மாற்றாதீர்கள், நான்குக்கும் ஒரே காற்றழுத்தம் வைக்கச் சொல்லாதீர்கள். அதில் முன் டயரும் பின் டயரும் வேறு வேறு அளவு. எவ்வளவு காற்று என்பதைக் காரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துச் சொல்லுங்கள்.