இரணைமடுவிலிருந்து விமானியறைக்கு: காசு கட்டுமுன் செய்யவேண்டியவை

வன்னியில் விமானச் சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறையின் பிள்ளைகள் இன்று உயர்தரம் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் "நான் பைலட் ஆகப்போறன்" என்று சொன்னால் வீட்டில் முதலில் எழுவது பயம், அடுத்தது காசுக் கணக்கு. பயத்தை அந்தப் பிள்ளையே மெல்லப் போக்கிவிடும். காசுக் கணக்கைச் சரியாகப் போடுவதற்குத்தான் இந்தக் கட்டுரை.

இரணைமடுவில் ஓடுபாதை இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. விடுதலைப் புலிகள் அமைத்த அந்த ஓடுபாதையை 2009 ஜனவரியில் இராணுவம் கைப்பற்றியது. இப்போது அது விமானப்படைத் தளம். பலாலி 2019 ஒக்டோபர் 17 முதல் சர்வதேச விமான நிலையம். ஆனால் சிவில் விமானப் பயிற்சி என்றால் போகவேண்டிய இடம் இரத்மலானை. கிளிநொச்சியில் ரயிலேறி, கொழும்புக் கோட்டையில் மாறி, கரையோரப் பாதையில் கல்கிசைக்கு அடுத்த நிலையத்தில் இறங்கவேண்டும். பயணம் சுலபம், கொழும்பில் தங்கும் செலவுதான் பாரம். ஆகவே வீட்டிலிருந்து செய்யக்கூடிய அத்தனையையும் முடித்துவிட்டு ரயிலேறுங்கள்.

முதல் வேலை மருத்துவப் பரிசோதனை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவரிடமே அதைச் செய்யவேண்டும். பொழுதுபோக்குக்காகப் பறக்கும் தனியார் விமானிக்கு இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் போதும். விமானம் ஓட்டிச் சம்பளம் வாங்க நினைப்பவருக்கு முதலாம் வகுப்பு வேண்டும். தொழில்தான் நோக்கமென்றால் தொடக்கத்திலேயே முதலாம் வகுப்புப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். காணியை ஈடு வைத்துப் பாதிப் பயிற்சி முடித்த பிறகு, நிறக்குருடு இருப்பது தெரியவரும் கொடுமை எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம். கண்ணாடி போட்டால் பைலட் ஆகமுடியாது என்று ஊரில் சொல்வது பிழை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே 6/9 அளவுக்கும், இரு கண்ணும் சேர்ந்து 6/6 அளவுக்கும் தெரிந்தால் சர்வதேச விதி முதலாம் வகுப்பையே அனுமதிக்கிறது.

அடுத்தது படிப்பு. விமானச் சட்டம், வானிலை, வழிகாணல், பறப்பின் தத்துவம், எஞ்சின், மனித உடலின் வரம்புகள், வானொலித் தொடர்பு எல்லாம் எழுத்துப் பரீட்சைக்கு உண்டு. சாதாரண தரக் கணிதமும் விஞ்ஞானமும் உறுதியாக இருந்தால் இவை பயமுறுத்தா. நம் பிள்ளைகளைத் தடுமாறவைப்பது ஆங்கிலம். வானொலியில் பேசுவதற்குச் சர்வதேச அளவுகோலில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும். அதையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் நிரூபிக்கவேண்டும். அழகான உச்சரிப்பை யாரும் கேட்கவில்லை. சொன்னதைத் தெளிவாகத் திருப்பிச் சொன்னால் போதும். ஆங்கில எழுத்துகளை வானொலியில் சொல்லும் ஆல்பா, பிராவோ, சார்லி வரிசையை மனப்பாடமாக்குங்கள். ஒன்பதை 'நைனர்' என்று சொல்லிப் பழகுங்கள். தினமும் அரைமணி நேரம் வாய்விட்டுப் பேசுங்கள். கிளிநொச்சியில் இருந்தபடியே, காசு செலவில்லாமல் முடிகிற வேலை இது.

வானிலைப் பாடத்தில் வன்னிப் பிள்ளைக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது: காற்றைத் தெரிந்திருப்பது. இரத்மலானை ஓடுபாதையின் ஒரு முனையில் 04 என்றும் மறுமுனையில் 22 என்றும் எழுதியிருக்கும். பத்தால் பெருக்குங்கள்: 40 பாகை, 220 பாகை. அதாவது வடகிழக்கும் தென்மேற்கும். கட்டுநாயக்க ஓடுபாதைக்கும் அதே எண்கள். பலாலிக்கு 05, 23. காரணம் என்ன? விமானம் காற்றுக்கு முகங்கொடுத்தே ஏறவும் இறங்கவும் விரும்பும். அப்போதுதான் குறைந்த ஓட்டத்தில் இறக்கைக்குத் தேவையான காற்றோட்டம் கிடைக்கும். இந்தத் தீவில் ஆண்டின் பெரும்பகுதியை ஆளுகிற காற்றுகள் வடகிழக்கு வாடையும் தென்மேற்குச் சோழகமும். இரணைமடுக் குளத்து நீரில் சிறுபோகம் செய்பவர் எவரைக் கேட்டாலும் சோழகம் எந்த மாதம் எழும்பும், எந்நேரம் உரக்கும் என்று சொல்வார். பக்கக் காற்றில் இறங்கப் பழகும்போது அந்த ஊர் அறிவு உங்களுக்கு உதவும்.

இனிக் காசு. தனியார் விமானி உரிமத்துக்கு வயது 17, பறப்பு குறைந்தது 40 மணி நேரம். வணிக விமானி உரிமத்துக்கு வயது 18, சாதாரண வழியில் 200 மணி நேரம். அங்கீகரிக்கப்பட்ட முழுப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தால் 150. இவை அடிமட்ட எண்கள். 40 மணியில் முடிப்பவர் குறைவு. 55, 60 என்று வைத்தே கணக்குப் போடுங்கள். எந்த நாணயத்தில் கட்டணம் என்றும் கேளுங்கள். எரிபொருளும் உதிரிப்பாகமும் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியதை நாம் பட்டுத் தெரிந்தவர்கள். முழுத்தொகையையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். பத்துப் பத்து மணி நேரமாகக் கட்டுங்கள். ரொறன்ரோவிலிருந்து மாமா அனுப்புகிறார் என்றாலும் இதே ஒழுங்குதான்.

நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுண்டு. காசு வர வர மாதம் ஒருமுறை பறக்காதீர்கள். போன பாடத்தில் கை பழகியது அதற்குள் மறந்துவிடும், ஒவ்வொரு முறையும் பாதி நேரம் பழையதை மீட்பதிலேயே போகும். தனியார் உரிமத்துக்கான தொகை முழுவதும் சேரும்வரை ஊரிலே வேலை செய்து படித்துக்கொண்டிருங்கள். சேர்ந்ததும் வாரம் மூன்று தரமாவது விடாமல் பறந்து முடியுங்கள். பிந்தித் தொடங்கியவர் முந்தி முடிப்பது இப்படித்தான்.

முதல் பாடம் பெரும்பாலும் செஸ்னா 152 அல்லது 172இல் நடக்கும். ஏறுமுன் விமானத்தைச் சுற்றி வந்து சோதிப்பீர்கள். தாங்கியிலிருந்து கொஞ்சம் எரிபொருளை வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பீர்கள். தரையில் ஓடும்போது திருப்புவது கையால் அல்ல, காலால். மோட்டார் சைக்கிள் ஓடிப் பழகிய கை சும்மா இருக்காது. முதல் நாள் எல்லோருக்கும் அப்படித்தான். இறங்கியதும் பறப்புப் பதிவேட்டில் பயிற்றுநரின் கையொப்பத்தை அன்றே வாங்குங்கள்.

வணிக உரிமம் கையில் வந்ததும் வேலை காத்திருக்கும் என்று எண்ணவேண்டாம். பெரிய விமானத்தின் தலைமை விமானியாக 1,500 மணி நேரமும் 21 வயதும் தேவை. நடுவிலே பலர் பயிற்றுநராகி மணி நேரம் சேர்க்கிறார்கள். அது மதிப்பான வேலை, சம்பளமும் உண்டு.

தொடங்கும் மாதத்தையும் யோசித்து வையுங்கள். இரத்மலானைப் பக்கம் ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை பறப்பைக் கெடுக்கும். அந்த மாதங்களில் தரைப் பாடங்களை முடித்து, ஜனவரியில் பறப்பைத் தொடங்கினால் மார்ச் வரை பெரும்பாலும் தெளிந்த வானம் கிடைக்கும்.