கடைசி அறைக்கும் இணையம்

அது ஒரு வீடு. அகலம் குறைவு. நீளம் அதிகம். முன்னால் திண்ணை. அடுத்து கூடம். பிறகு நடை. நடையைத் தாண்டினால் சமையல் அறை. கடைசியில் ஒரு சின்ன அறை.

வீட்டில் இணைய இணைப்பு இருக்கிறது. வைஃபை பெட்டி கூடத்தில் இருக்கிறது. கூடத்தில் செல்பேசி நன்றாக வேலை செய்கிறது. கடைசி அறையில் வேலை செய்வதில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆசிரியர் அனுப்பும் பாடங்களைச் செல்பேசியில் பார்க்கிறாள். கூடத்தில் தாத்தா படுத்திருக்கிறார். அவருக்கு உடம்பு சரியில்லை. இரவில் சத்தம் கூடாது. அதனால் மகள் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறாள். கொசு கடிக்கிறது. "இருட்டில் வெளியே உட்காராதே" என்கிறார் அப்பா. உள்ளே போனால் பாடம் நின்றுவிடுகிறது. தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது.

"மாதம் 300 ரூபாய் கூடக் கட்டுங்கள். வேகம் கூடும்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அம்மா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இணைய இணைப்புப் பார்க்கும் இளைஞரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

அம்மா: தம்பி, பணம் கூடக் கட்டினால் கடைசி அறைக்கு இணையம் வருமா?

இளைஞர்: முதலில் அளந்து பார்ப்போம் அக்கா. பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்.

அளந்து பார்த்தார்கள்

இணைய வேகத்தை அளக்கும் செயலிகள் உண்டு. இளைஞர் அப்படி ஒன்றை அம்மாவின் செல்பேசியில் போட்டார். செல்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்தார். வைஃபையை மட்டும் வைத்துக்கொண்டார். இல்லாவிட்டால் எந்த வேகத்தை அளக்கிறோம் என்று தெரியாது.

பெட்டிக்குப் பக்கத்தில் அளந்தார்கள். நடையில் அளந்தார்கள். கடைசி அறையில் அளந்தார்கள். அம்மா எண்களைத் தாமே படித்துத் தாளில் எழுதினார்.

கூடம் – நொடிக்கு 38 மெகாபிட்
நடை – நொடிக்கு 17 மெகாபிட்
கடைசி அறை – நொடிக்கு 1 மெகாபிட்

இளைஞர்: நீங்கள் 40 மெகாபிட் வேகத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள். கூடத்தில் 38 வருகிறது. வீடு வரைக்கும் இணையம் சரியாகத்தான் வருகிறது. வீட்டுக்குள்தான் போய்ச் சேரவில்லை.

அம்மா: அப்படியானால் 300 ரூபாய் கூடக் கட்டினால்?

இளைஞர்: கூடத்தில் வேகம் கூடும். கடைசி அறைக் குறை அப்படியேதான் இருக்கும்.

பெட்டிக்குப் பக்கத்திலேயே வேகம் குறைவாக இருந்தால் அது வேறு கதை. அப்போது இணைப்புக் கொடுத்தவரிடம் புகார் செய்ய வேண்டும்.

அலை ஏன் குறைகிறது?

வைஃபை என்பது வானொலி அலை. அது கண்ணுக்குத் தெரியாது. பெட்டியிலிருந்து நாலா பக்கமும் பரவுகிறது. தூரம் போகப் போக வலு குறைகிறது.

வழியில் உள்ள பொருள்களும் அலையைத் தடுக்கின்றன. மரக் கதவு கொஞ்சம் தடுக்கும். செங்கல் சுவர் அதிகம் தடுக்கும். கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் சுவர் இன்னும் அதிகம் தடுக்கும். இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாமே தடைகள்தான்.

வைஃபை பெட்டிகள் பலவற்றில் இரண்டு வகை அலைகள் உண்டு. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். இது தூரம் போகும். வேகம் குறைவு. இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ். இது வேகமானது. ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் வலு இழக்கும். 2.4 அலையை வீட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த நம் நாட்டில் அனுமதி உண்டு.

செல்பேசியில் உங்கள் வைஃபை பெயர் இரண்டு முறை தெரியலாம். ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கலாம். அது மொபைல் 5ஜி அல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் அலையைத்தான் அது குறிக்கிறது. தூரத்து அறையில் மற்றப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

பெட்டியை இடம் மாற்றினார்கள்

அந்த வீட்டில் பெட்டி எங்கே இருந்தது? தொலைக்காட்சிக்குப் பின்னால், தரைக்குப் பக்கத்தில். அடுத்து ஓர் இரும்பு பீரோ. கடைசி அறைக்குப் போகும் அலையைப் பீரோ மறைத்தது.

இளைஞர் பெட்டியை நடைச் சுவரில் மாட்டினார். ஆறடி உயரத்தில் மாட்டினார். ஆன்டெனாவை நேராக நிறுத்தினார். நேராக நிற்கும் ஆன்டெனாவின் அலை பக்கவாட்டில் நன்றாகப் பரவும்.

அம்மா: இந்த வேலையை நாங்களே செய்திருக்கலாமே?

இளைஞர்: பெட்டிக்கு வரும் மெல்லிய ஒயரைப் பாருங்கள் அக்கா. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. மடக்கினால் உடைந்துவிடும். அதனால் தெரிந்தவர்தான் மாற்ற வேண்டும்.

மறுபடியும் அளந்தார்கள். கூடத்தில் 30. கடைசி அறையில் 12. பாடம் பார்க்க இது போதும். அன்று இரவு மகள் கடைசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். தாத்தாவும் தூங்கினார்.

இடம் மாற்றியும் போதவில்லையா?

சில வீடுகள் பெரியவை. சில வீடுகளுக்கு மாடி உண்டு. அங்கே வேறு வழிகள் தேவைப்படும்.

1. ரிப்பீட்டர்: இது ஒரு சின்னக் கருவி. பிளக்கில் செருகினால் போதும். பெட்டியிலிருந்து அலையை வாங்கி மறுபடி அனுப்பும். விலை குறைவு. இதைக் கடைசி அறையில் வைக்கக் கூடாது. நடுவழியில் வைக்க வேண்டும். தீ அணைக்க வரிசையாக நின்று வாளி கைமாற்றுகிறோம். நடுவில் நிற்பவருக்குக் கை எட்ட வேண்டும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். அவர் கைக்கு அரை வாளி வந்தால் அரை வாளிதான் கொடுக்க முடியும். சாதாரண ரிப்பீட்டரில் வேகம் பாதியாகவும் குறையலாம்.

2. லேன் ஒயர்: பெட்டியிலிருந்து தூரத்து அறைக்கு ஒயர் இழுக்கலாம். அந்த முனையில் இன்னொரு வைஃபை பெட்டியை வைக்கலாம். ஒயரைச் சுவர் தடுக்காது. 100 மீட்டர் வரை வேகம் குறையாது. ஒயர் இழுப்பதுதான் வேலை. ஆனால் இதுவே உறுதியான வழி.

3. மெஷ்: இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து ஒரே பெயரில் வேலை செய்யும். வீட்டுக்குள் நடந்தாலும் இணைப்பு அறுவதில்லை. விலை அதிகம். பெரிய வீட்டுக்கு ஏற்றது.

எச்சரிக்கை

மொபைல் சிக்னல் பூஸ்டர் என்று ஒரு கருவி விற்கிறார்கள். அது வைஃபை ரிப்பீட்டர் அல்ல. அதை அனுமதி இல்லாமல் வைப்பது சட்டத்துக்கு மாறானது. அது அக்கம்பக்கத்தார் பேச்சுக்கும் இடைஞ்சல் செய்யும்.

அலை தூரம் போனால் தெரு வரைக்கும் போகும். அதனால் வைஃபைக்கு நல்ல கடவுச்சொல் வையுங்கள். கருவியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். செல்பேசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். உங்கள் இணைப்பை வைத்து வேறொருவர் தவறு செய்தால் விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் முதலில் வரும்.

நினைவில் வையுங்கள்

முதலில் அளங்கள்.
அடுத்து இடம் மாற்றுங்கள்.
கடைசியில் பணம் செலவழியுங்கள்.

விடை சொல்லுங்கள்

1. மகள் ஏன் திண்ணையில் படித்தாள்?
2. வேகத்தை அளக்கும்போது மொபைல் டேட்டாவை ஏன் அணைக்க வேண்டும்?
3. வைஃபை அலையைத் தடுக்கும் பொருள்கள் மூன்றைச் சொல்லுங்கள்.
4. ரிப்பீட்டரை எங்கே வைக்க வேண்டும்? ஏன்?

கணக்கு

மாதம் 300 ரூபாய் கூடக் கட்டியிருந்தால் ஓர் ஆண்டில் எவ்வளவு ரூபாய் கூடுதலாகச் செலவாகியிருக்கும்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ மூன்று இடங்களில் இணைய வேகத்தை அளங்கள். இடத்தின் பெயரையும் வேகத்தையும் எழுதுங்கள். பெட்டியைச் சுற்றி என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்றும் எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு வகுப்பில் பேசுங்கள்.