உடலுக்குள் ஒரு குருத்து

நுழையும்முன்

பனையின் ஓலைகளை வெட்டினால் புதிய ஓலைகள் தோன்றும். குருத்தை வெட்டினால் மரமே பட்டுவிடும். ஓலைகளைப் போலத் தத்தம் பணிக்கென அமைந்த உயிரணுக்களும், குருத்தைப் போல அவற்றைத் தோற்றுவிக்கும் உயிரணுக்களும் மனித உடலிலும் உள்ளன. பின்னவற்றைக் குருத்தணுக்கள் என்பர். அவற்றின் இயல்பையும், அவற்றைக் கொண்டு தமிழ்நாட்டில் நிகழ்ந்த மருத்துவ முயற்சியையும் இப்பாடம் விளக்குகிறது.

கல்லான முட்டை எழுப்பும் வினா

அரியலூர் மாவட்டம் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைகளின் புதைபடிவங்களைக் கண்டறிந்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் 2009ஆம் ஆண்டில் அறிவித்தனர். முட்டைகள் கல்லாகிவிட்டன, அவை எழுப்பும் வினாவோ இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரே ஓர் உயிரணுவாகத் தொடங்கும் கருவிலிருந்து எலும்பும் குருதியும் நரம்பும் எவ்வாறு உருவாகின்றன? உடல் முழுமை பெற்ற பின்னும் தேய்ந்தழியும் அணுக்களை ஈடுசெய்வது எது?

விதைநெல்லும் உணவுநெல்லும்

விளைந்த நெல் முழுவதையும் உண்டுவிட்டால் அடுத்த பருவத்திற்கு விதை இராது; முழுவதையும் விதைக்கென வைத்தால் பசி தீராது. குருத்தணுவின் வாழ்வும் இத்தகையதே. அது பிரியும்போது தோன்றும் இரு சேய் அணுக்களுள் ஒன்று குருத்தணுவாகவே நிற்க, மற்றொன்று தனிப்பணிக்குப் புறப்படலாம். முன்னது தற்புதுப்பித்தல், பின்னது சிறப்பணுவாதல். இச்சமநிலை குலைந்தால் உடல் நோயுறும்.

எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்களிலிருந்தே குருதியணுக்கள் தோன்றுகின்றன. எல்லா அணுக்களிலும் மரபணுத் தொகுதி பெரும்பாலும் ஒன்றே. எவை செயற்படுகின்றன, எவை அடங்கியிருக்கின்றன என்பதே வேறுபாடு. உடலில் உயிர்வளி குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கிறது. அதன் ஏவலால் சிவப்பணு உற்பத்தி பெருகுகிறது. முதிர்ந்த சிவப்பணு தன் உட்கருவையும் இழந்து உயிர்வளியைச் சுமக்கிறது. உட்கரு இல்லாமையால் அது பிரிய இயலாது. ஏறத்தாழ 120 நாளில் அழிகிறது. ஆதலால் ஒவ்வொரு நொடியும் சுமார் 20 இலட்சம் சிவப்பணுக்கள் புதிதாகத் தோன்ற வேண்டியுள்ளது.

தெரியுமா?

ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாகா, முதிர்ந்த அணுக்களையும் மீண்டும் குருத்தணு நிலைக்குத் திருப்பலாம் என 2006ஆம் ஆண்டில் எலியின் அணுக்களைக் கொண்டு மெய்ப்பித்தார். 2012ஆம் ஆண்டு ஜான் குர்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வேலூரில் ஒரு விடியல்

ஹீமோஃபிலியா என்னும் குருதி உறையாமை நோயின் ஒரு வகையில், குருதி உறைதலுக்குரிய எட்டாம் காரணி போதிய அளவு உருவாவதில்லை. நோய் கடுமையாக இருப்போருக்குக் காயமின்றியே மூட்டுகளில் குருதி கசியும். வாழ்நாள் முழுவதும் ஊசிமருந்து தேவைப்படும். இந்நோயுற்ற ஐவருக்கு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அளிக்கப்பட்ட மரபணு மருத்துவத்தின் முடிவுகள் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாயின.

மருத்துவர்கள் நோயாளியின் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து, தீங்கு நீக்கிய வைரசின் வாயிலாக எட்டாம் காரணிக்குரிய மரபணுவைச் சேர்த்து, மீண்டும் அவருக்கே செலுத்தினர். குருத்தணு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதால் அத்திருத்தம் நிலைக்கிறது. அது சிறப்பணுவாக மாறுவதால் வழித்தோன்றல் அணுக்கள் அக்காரணியைச் சுரக்கின்றன. மேலே கண்ட ஈராற்றல்களும் இங்கு மருந்தாயின. கண்காணிப்புக் காலத்தில், சிகிச்சைக்குப் பின் அவ்வைவருள் எவருக்கும் குருதிக்கசிவு நேரவில்லை.

நம்பிக்கையும் விழிப்பும்

ஐவரிடம் கண்ட வெற்றி பெரிது. எனினும் அது தொடக்கமே. நீண்டகாலக் கண்காணிப்பும் மேலும் பலரிடம் செய்யும் ஆய்வும் வேண்டும். இதனை மறந்து, எல்லா நோய்க்கும் குருத்தணுவே மருந்து என விளம்பரம் செய்வோரும் உளர். எலும்பு மஜ்ஜை மாற்று போன்று, குருதி நோய்கள் சிலவற்றுக்கு ஏற்பளிக்கப்பட்ட சிகிச்சைகள் தவிர, பிற பயன்பாடுகள் முறையான மருத்துவ ஆய்வாகவே நடைபெற வேண்டும் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் வலியுறுத்தின. துன்புறுவோரின் நம்பிக்கையை விலைபேசாமல் காப்பதும் அறிவியலின் கடமையே.

கற்பவை கற்றபின்

1. தற்புதுப்பித்தல் மட்டும் நிகழ்ந்து சிறப்பணுவாதல் நிகழாவிடில் உடலுக்கு என்ன நேரும்? கலந்துரையாடுக.
2. ‘ஆய்வுநிலையிலுள்ள சிகிச்சையும் ஏற்பளிக்கப்பட்ட சிகிச்சையும்’ என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.