பாலைப் பொதுநிலத்திற் பாசறை

பாசறை என்னும் சொல் பண்டைத் தமிழிற் போர்மேற் சென்ற வீரர் தங்கும் இடத்தைக் குறித்தது. இன்று நம் சாரணரும் அதனை வழங்குகின்றனர். வேற்றுநிலத்திற் சென்று தங்குவோர் உணவும் நீரும் வழியும் இடரும் முன்னரே எண்ணிச் செல்லல் வேண்டும் என்பது இருசாரார்க்கும் பொது. அவ்வெண்ணம் சிறிது பிழைப்பினும் உயிர்க்கு ஊறு நேரும் இடம் பாலையாகும். நம் பழைய மாணவருட் சிலர் ஐக்கிய அமெரிக்காவில் வாழ்தலானும், சாரணராய மாணவர்க்குத் திட்டமிடும் முறை பயன்படுமாதலானும், அந்நாட்டின் மேற்றிசைப் பாலைகளிற் பாசறை அமைக்குமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

நிலம்

அந்நாட்டின் நில முகாமைப் பணியகம் 1946ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஏறத்தாழ 24½ கோடி ஏக்கர் பொதுநிலம் அதன் பொறுப்பில் உளது. இது நம் தீவின் பரப்பைப் போற் பதினைந்து மடங்கு. நெவாடா, யூற்றா, அரிசோனா, கலிபோர்ணியா முதலிய மாநிலங்களின் பாலைகளில் இந்நிலம் பரந்து கிடக்கின்றது. தடைசெய்யப்படாத இடங்களிற் கட்டணமின்றியே எவரும் தங்கலாம். பெரும்பாலும் 28 நாட்களுள் 14 நாட்களுக்கு மேல் ஓரிடத்தில் இருத்தல் ஆகாது.

ஆயினும் பொதுநிலத்தினிடையே தனியார் நிலமும், மாநில நிலமும், பழங்குடியினர் நிலமும், படையினர் நிலமும் விரவிக் கிடக்கும். வேலி இல்லாமையால் எல்லை கண்ணுக்குப் புலனாகாது. ஆகவே நிலவுடைமை காட்டும் படத்தைப் பார்த்து, அவ்வட்டாரப் பணிமனையில் விதிகளைக் கேட்டறிதலே முதற்கடன்.

காலமும் நீரும்

தாழ்ந்த பாலைகளுக்கு ஐப்பசி முதற் பங்குனி வரையுள்ள காலமே ஏற்றது. அக்காலத்தும் பகலில் இதமாயிருக்கும் இடம் இரவில் நீர் உறையுமளவு குளிர்தல் உண்டு. கம்பளி கொண்டு செல்லுக.

நீர் ஒருவர்க்கு ஒரு நாளைக்கு ஒரு கலன், அஃதாவது ஏறக்குறைய 4 லீற்றர், வேண்டும். நால்வர் மூன்று நாள் தங்குவராயின் 12 கலன். இடர்க்காப்பாக மேலும் ஒரு நாளைக்கு 4 கலன். ஆக 16 கலன். இதன் நிறை 130 இறாத்தலுக்கு மேலாகும். வண்டியில் எதனை ஏற்றுவது, எதனை விடுப்பது என்பதை இக்கணக்கே தீர்மானிக்கும். நீரைப் பல கலங்களிற் பகுத்து வைத்தல் வேண்டும். ஒன்று ஒழுகினும் ஏனையவை எஞ்சும்.

வெள்ளம்

பாலையில் நீரின்மை கொல்லும், நீரும் கொல்லும். வறண்ட ஓடையின் மணற்படுகை கூடாரமிடுதற்கு மிக வாய்ப்பானது போலத் தோன்றும். ஆங்குத் தங்குதல் ஒருபோதும் தகாது. 1997ஆம் ஆண்டு ஆவணி மாதம் 12ஆம் நாள், அரிசோனாவின் வடபாலுள்ள அன்ரலோப் என்னும் ஒடுங்கிய பள்ளத்தாக்கினுட் சென்ற பயணிகளிற் பதினொருவர் திடீர் வெள்ளத்தில் மாண்டனர். மழை பெய்தது பல மைல் தொலைவில். அவ்விடம் நவஹோ மக்களுக்குரியது. எனினும் அது புகட்டும் பாடம் எல்லாப் பாலைக்கும் ஒக்கும். நம் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டுமன்றி, ஓடையின் தலைப்பக்கத்து வானத்தையும் நோக்குதல் வேண்டும்.

மண்

பாலைமண்ணின் மேற்புறத்தே நுண்ணுயிர்கள் பின்னிப் பிணைத்த கருநிறப் பொருக்கு ஒன்று பல இடங்களில் உண்டு. அதுவே மண் காற்றிற் பறவாது காப்பது. ஓரடி அதனை நொறுக்கும். அது மீளப் பல பத்தாண்டுகள் செல்லும். 1942ஆம் ஆண்டில் மொகாவிப் பாலையிற் போர்ப்பயிற்சி பெற்ற தாங்கிகளின் தடங்கள் பல பத்தாண்டுகளின் பின்னரும் அழியாதிருந்தமை இதற்குச் சான்று. ஆகவே ஏலவே உள்ள வழியில் வண்டியைச் செலுத்தி, முன்னர்ப் பிறர் தங்கிய இடத்திலேயே தங்குக. நீர்நிலைக்கு 200 அடி அப்பால் இருக்க. விலங்குகளுக்கு வேறு நீரில்லை. மலக்குழி 6 முதல் 8 அங்குல ஆழம் இருத்தல் நன்று. கோடையில் தீமூட்டல் பல இடங்களில் தடையாதலின் சிற்றடுப்புக் கொண்டு செல்லுக. குப்பை அனைத்தையும் மீட்டுக் கொணர்க.

சொல்லிச் செல்லல்

பாலையின் பெரும்பகுதியிற் கைத்தொலைபேசி இயங்காது. செல்லும் வழி, தங்கும் இடம், மீளும் நாள், நேரம் என்பவற்றை எழுதி நம்பத்தக்க ஒருவரிடம் கொடுத்துச் செல்க. குறித்த நேரத்தில் மீளாவிடின் யாருக்கு அறிவித்தல் வேண்டும் என்பதையும் அதில் எழுதுக. வண்டி பழுதுறின் அதனை விட்டு நடவற்க. தேடுவோர் கண்ணுக்கு மனிதனிலும் வண்டியே எளிதிற் புலப்படும். அது நிழலும் தரும்.

மாணவர்காள்! இவ்விதிகளுள் ஒன்றேனும் பெருஞ்செலவு வேண்டுவதன்று. ஒரு தாள், ஒரு பென்சில், புறப்படுமுன் ஒருநாட் சிந்தனை ஆகிய இவையே வேண்டும். பொதுநிலத்திற் காவலர் அரியர். தங்குவோனே அதன் காவலனுமாவான். நாம் நீங்கிய பின்னர் வருபவன், முன்னர் ஒருவர் இங்குத் தங்கினரோ என ஐயுறுமாறு அவ்விடத்தை விட்டு வருதலே பாசறைக் கல்வியின் நிறைவு என்பது எம் கருத்து.